இருளுக்கு அஞ்சியோரும் நெருப்புக்கு அஞ்சியோரும்: உருகியில்லாத முன்விளக்குகளின் வரலாறு

எமது பத்திரிகைகளில் ஒரு வாகனம் தீப்பற்றிய செய்தி வெளியானால் அதன் இறுதி வாக்கியம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். “மின்னொழுக்கே தீக்குக் காரணம் என ஆரம்பக்கட்ட விசாரணைகளில் தெரியவந்துள்ளது.” செய்தியாளர் எழுதுவார், துணையாசிரியர் கை வைக்காமல் விடுவார், வாசகரும் படித்துவிட்டு அடுத்த செய்திக்குச் செல்வார். எந்தக் கம்பியில் ஒழுக்கு ஏற்பட்டது, அதனைத் தடுக்க வேண்டிய உருகி எங்கே இருந்தது என்று எவரும் கேட்பதில்லை.

பழைய பிரித்தானியக் கார்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கான விடை வியப்பளிப்பது. தடுக்க வேண்டிய உருகி அங்கே இருக்கவேயில்லை. எரிந்துபோனதாலோ களவுபோனதாலோ அல்ல. தொழிற்சாலையிலேயே அது வைக்கப்படவில்லை.

1950-களில் வெளிவந்த மொறிஸ் மைனர் ஒன்றின் பொனற்றைத் திறந்து பாருங்கள். உட்சுவரில் சிறியதொரு பெட்டியும் அதனுள் இரண்டு கண்ணாடி உருகிகளும் காணப்படும். கூடவே மேலதிகமாக இரண்டு உருகிகள் செருகி வைக்கப்பட்டிருக்கும். பாவனையில் உள்ள இரண்டில் ஒன்று ஹோர்ன் போன்ற எந்நேரமும் மின் தேவைப்படும் பொருட்களுக்கானது. மற்றையது திறப்பைத் திருப்பினால் மட்டுமே இயங்கும் மழைத்துடைப்பான், பிறேக் விளக்கு, எரிபொருள் அளவுகாட்டி போன்றவற்றுக்கானது. இரவில் மிக அதிகமான மின்னோட்டத்தைத் தொடர்ச்சியாக எடுக்கும் முன்விளக்குகள் இவ்விரண்டில் எதனூடாகவும் செல்வதில்லை. பற்றரியில் இருந்து புறப்படும் மண்ணிறக் கம்பி கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தொட்டு நேரே விளக்குச் சுவிச்சுக்குச் செல்கிறது. அங்கிருந்து நீலக் கம்பியாக, தூர ஒளியையும் தாழ் ஒளியையும் மாற்றும் சுவிச்சை அடைகிறது. பின்னர் இரு கிளைகளாகப் பிரிந்து விளக்குகளுக்குப் போகிறது. வழியில் எந்தக் காவலும் இல்லை.

இது மறதியா, சிக்கனமா, அலட்சியமா? வரலாற்றைப் பார்த்தால் முதலில் நிற்பது வேறொரு காரணம்.

உருகி எதனைக் காக்கிறது?

உருகி என்பது வேண்டுமென்றே பலவீனமாக்கப்பட்ட கம்பித்துண்டு. 1847-இல் பிரெஞ்சு நாட்டவரான லூயி பிறெகே, தந்தி நிலையங்களை மின்னலில் இருந்து காப்பதற்கு மெல்லிய கம்பித்துண்டுகளை இடையில் இணைக்குமாறு பரிந்துரைத்தார். மின்னல் பாய்ந்தால் மெல்லிய துண்டு உருகிவிடும், கருவி தப்பிவிடும். 1880-இல் தோமஸ் எடிசன் தமது மின்விளக்குத் திட்டத்துக்காக இத்தகைய பாதுகாப்புக் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். மின்சாரம் வீடுகளுக்குள் நுழைந்தபோதே உருகியும் கூட நுழைந்தது.

இங்கு பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விடயம் உண்டு. உருகி விளக்குக் குமிழைக் காப்பதற்காக வைக்கப்படுவதல்ல. அது காப்பது கம்பியை. கம்பியின் காப்புறை தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு காரின் இரும்பு உடலைத் தொட்டால், பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்தை அக்கம்பியினூடாகத் தள்ளும். ஏழெட்டு அம்பியருக்கென அமைந்த கம்பி சில நொடிகளிலேயே பழுக்கக் காய்ந்து, தன்னோடு சேர்த்துக் கட்டப்பட்டுள்ள ஏனைய கம்பிகளின் உறைகளையும் உருக்கிவிடும். உருகி இருந்தால் அது முதலில் அறுந்து மின்னோட்டத்தை நிறுத்தும். இல்லையேல் கம்பியே உருகியாகிவிடும்.

வீதியின் அரசனும் இருளின் இளவரசனும்

ஆரம்பகாலக் கார்களில் இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. அவற்றில் எரிந்தவை மண்ணெண்ணெய் விளக்குகளும் அசற்றிலீன் வாயு விளக்குகளும்தான். பேர்மிங்ஹாம் நகரில் மண்ணெண்ணெயும் விளக்குகளும் விற்று முன்னேறிய ஜோசப் லூக்காஸ் (1834–1902), சைக்கிள்களுக்காகத் தயாரித்த எண்ணெய் விளக்குக்கு ‘வீதியின் அரசன்’ என்று பெயரிட்டார். அவர் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் பிரித்தானியக் கார்களின் மின்கருவிகளில் பெரும்பகுதியை வழங்கியது.

1912-ஆம் ஆண்டுக்குரிய கடிலக் கார்களில் சாள்ஸ் கெற்றறிங் உருவாக்கிய மின்தொடக்கியும் மின்விளக்கும் ஒரே அமைப்பாக வந்தன. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் டைனமோவும் பற்றரியும் காரின் இயல்பான உறுப்புகளாயின. 1924-இல் ஜேர்மனியின் ஒஸ்ராம் நிறுவனம் ஒரே குமிழுக்குள் இரண்டு இழைகளைக் கொண்ட பைலக்ஸ் குமிழை அறிமுகப்படுத்தியது. எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாத தாழ் ஒளி, நாம் பேச்சில் ‘டிம்’ என்பது, அதன் மூலம் எளிதாயிற்று.

1926-இல் லூக்காஸ் நிறுவனம் தனது போட்டியாளர்களான சி.ஏ.வி., றொட்டக்ஸ் ஆகியவற்றை வாங்கியது. அதன்பின் பிரித்தானியக் காரின் மின்னமைப்பு என்றாலே பெரும்பாலும் லூக்காஸ் என்ற நிலை உருவாயிற்று. வாகன மின்கருவிச் சந்தையில் அந்த நிறுவனத்துக்கிருந்த மேலாதிக்கத்தைப் பிரித்தானியாவின் ஏகபோக ஆணைக்குழுவே ஆராய்ந்து 1963-இல் அறிக்கை வெளியிட்டது. இதன் விளைவு எமது விடயத்துக்கு முக்கியமானது. ஒரே வழங்குநரின் வழக்கம் ஒரு நாட்டின் வழக்கமாயிற்று. மொறிஸாக இருந்தாலும் ஒஸ்ரினாக இருந்தாலும் கம்பிகளின் நிறங்களும் ஒன்றே, உருகிப்பெட்டியின் தர்க்கமும் ஒன்றே.

லூக்காஸ் கருவிகள் அடிக்கடி பழுதாகின்றன என்று சலித்துக்கொண்ட கார்ப்பிரியர்கள் அந்நிறுவனத்துக்கு ‘இருளின் இளவரசன்’ என்ற பட்டத்தைச் சூட்டினர். இன்றுவரை நிலைத்திருக்கும் கேலி அது. ஆனால் முன்விளக்குகளுக்கு உருகி வைக்காமல் விட்டதற்குக் காரணமே இருளைப் பற்றிய அச்சம்தான் என்பதைக் கேலி செய்வோரில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஒரு நொடிக்கு இருபத்தேழு மீற்றர்

மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 27 மீற்றர் தூரத்தைக் கடக்கிறது. தெருவிளக்கற்ற நாட்டுப்புற வீதியில், வளைவொன்றில் திரும்பும் வேளையில், இரண்டு முன்விளக்குகளும் ஒரே கணத்தில் அணைந்துபோனால் சாரதி என்ன செய்வார்? பிறேக்கை மிதிப்பதற்குள் கார் மரத்தையோ மதகையோ சென்றடைந்துவிடும்.

குமிழ் ஒன்று எரிந்துபோனால் மற்றைய குமிழ் எஞ்சும். கம்பியொன்று ஒரு விளக்கின் அருகில் அறுந்தால் மற்றைய விளக்கு எரியும். ஆனால் இரண்டு விளக்குகளுக்கும் பொதுவாக ஓர் உருகியை வைத்து, அது அதிர்வினாலோ துருவினாலோ மூப்பினாலோ அறுந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகவே அணையும். பாதுகாப்புக்காக வைத்த பொருளே ஆபத்துக்குக் காரணமாகும். எனவே முன்விளக்குச் சுற்றில் உருகியே வேண்டாம் என்பதுதான் வாகன மின்பொறியாளர்களிடையே வழங்கிவந்த விளக்கம். கம்பியைத் தகுந்த தடிப்பில் இடுவோம், நல்ல உறையிட்டுக் கட்டுவோம், உடலில் உரசாதவாறு இறப்பர் வளையங்களினூடாகச் செலுத்துவோம், பின்னர் நம்புவோம் என்பது அவர்களது வழி.

இதனை அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடியாது. இரு தீமைகளில் எது பெரிது என்று நிறுத்துப் பார்த்து எடுத்த முடிவு அது. சடுதியான இருள் நிச்சயமாக உயிரைப் பறிக்கக்கூடியது. நெருப்போ புதிய காரில் அரிதாக நிகழக்கூடியது. புகை மணம் வந்தால் சாரதி காரை நிறுத்தி இறங்குவதற்கும் சற்று அவகாசம் உண்டு.

ஆயினும் அத்தராசில் ஒரு தட்டு சரியாக வைக்கப்படவில்லை. ஓர் உருகியா, உருகியே இல்லையா என்பது மட்டுமே அங்கு கேள்வியாக இருந்தது. வேறு நாட்டவர் கேள்வியை வேறு விதமாகக் கேட்டனர். ஜேர்மனியரின் வொக்ஸ்வகன் பீற்றில் காரில் இடது தூர ஒளி, வலது தூர ஒளி, இடது தாழ் ஒளி, வலது தாழ் ஒளி என்று ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி உருகி வைக்கப்பட்டது. ஒன்று அறுந்தால் ஒரு பக்கம் மட்டுமே இருளும். அமெரிக்கக் கார்கள் பலவற்றில் விளக்குச் சுவிச்சினுள்ளேயே ஒரு மின்துண்டிப்பான் இருந்தது. மின்னோட்டம் மிகுந்தால் அதன் ஈருலோகத் தகடு சூடேறி வளைந்து சுற்றைத் துண்டிக்கும், ஆறியதும் மீண்டும் இணைக்கும். விளக்குகள் அணைந்து அணைந்து எரியும். கம்பி எரிந்துபோகாது, சாரதியும் முற்றாகக் குருடாகமாட்டார், வீதியோரம் ஒதுங்கும் வரை வழி தெரியும்.

இருளா நெருப்பா என்று ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை என்பதே இதன் பொருள். மேலும் சில உருகிகளும் சில அடி கம்பியும் போதுமாயிருந்தன. ஆயிரமாயிரமாகக் கார்களைத் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலைக்கு அந்தச் சில்லறைச் செலவும் ஒரு செலவே. பின்னர் எம்.ஜி.பி. போன்ற கார்களில் நான்கு உருகிகள் கொண்ட பெட்டி வந்தபோதும் புதிய இரண்டு உருகிகள் பக்கவிளக்குகளுக்கே வழங்கப்பட்டன.

கணக்கில் வராத ஆயுள்

பேர்மிங்ஹாமில் முடிவெடுத்தவர்கள் எண்ணிப்பார்த்த கார் குளிர்நாட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிப் பழைய இரும்பாகிவிடும் கார். இலங்கையில் அறுபது எழுபது ஆண்டுகள் ஓடப்போகும் காரை அவர்கள் கற்பனை செய்திருக்க இயலாது.

அந்த நீண்ட ஆயுளுக்குக் காரணம் எமது நாட்டின் பொருளாதார வரலாறு. 1960-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977-இல் திறந்த பொருளாதாரம் வந்து யப்பானியக் கார்கள் பெருகும்வரை, இருந்த கார்களையே மீண்டும் மீண்டும் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40-உம் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் தலைமுறைகளைக் கடந்தன. இத்திருத்தக் கலை எவ்வளவு வளர்ந்ததென்றால், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்து வந்த சாள்ஸ் வெயர், 1990-களில் அக்கார்களுக்கான பாகங்களை இலங்கையிலேயே தயாரிக்க ஏற்பாடு செய்தார். தமிழகத்து வாசகர்களுக்கு இக்கதை அந்நியமானதல்ல. 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடர், மொறிஸ் ஒக்ஸ்போட்டின் வழிவந்தது. சென்னையின் பாடியில் உள்ள லூக்காஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையின் பெயரிலும் அதே பேர்மிங்ஹாம்காரர் வாழ்கிறார்.

யாழ்ப்பாணத்தில் நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. 1990-இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் கீழ் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் கிடைக்காத நாட்களில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உசுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டவை இந்தப் பழைய கார்களே. நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் சுமந்தவையும் அவைதாம். பழுதான கம்பிக்குப் பதிலாகக் கிடைத்த கம்பி முறுக்கி இணைக்கப்பட்டது. அறுந்த உருகிக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றப்பட்டது. அக்காலத்தில் எவரும் அதைக் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்வதற்கு மாற்றுவழி ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் 2002-இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டு உதிரிப்பாகங்கள் வந்த பின்னரும் அந்த முறுக்கிய கம்பிகளில் பல அப்படியே பொனற்றுக்குள் கிடந்தன. ஓடும் வரை ஓடட்டும் என்று விடுவது மனித இயல்பு.

காலம் செய்த வேலையும் உண்டு. 1950-களின் கார்களில் பல, பருத்தி நூல் பின்னிய இறப்பர் உறையிட்ட கம்பிகளைக் கொண்டவை. வெப்பத்திலும் எண்ணெய்ப் பசையிலும் இறப்பர் இறுகி வெடித்துச் செம்பு வெளியே தெரியும். இரும்புச் சுவரில் கம்பி நுழையும் துளைகளில் இருந்த இறப்பர் வளையங்கள் உதிர்ந்துபோகும். காலால் அமர்த்தும் ஒளிமாற்றுச் சுவிச் காரின் தரையில் இருப்பதால் மழைநீரும் மண்ணும் அதற்குள் சேரும். மேலும், மண்ணிறக் கம்பியில் திறப்பைக் கழற்றிய பின்னரும் மின் இருந்துகொண்டேயிருக்கும். கொட்டகையில் உறங்கும் கார் நள்ளிரவில் எரிவதற்கு அது போதுமானது.

இவற்றுக்கு மேலாக, பிரகாசம் போதாதென்று பலர் குமிழ்களை மாற்றினர். முற்காலத்துக் குமிழின் தூர ஒளி 42 வாற். இரண்டு விளக்குகளும் 12 வோல்ற்றில் எடுப்பது 7 அம்பியர். அதே கம்பியில் 100 வாற் ஹலஜன் குமிழ்கள் இரண்டை இட்டால் 16 அம்பியருக்கு மேல் செல்லும். அவற்றைச் சுமக்கும் கம்பியும் சுவிச்சும் பாட்டன் காலத்தவை.

இரண்டு அச்சங்களுக்கும் இடமளித்தல்

இக்கார்களை இன்று வைத்திருப்போர் செய்யத்தக்கது என்ன? ஒரே உருகியைப் பொதுவாக வைப்பது பிரித்தானியர் அஞ்சிய தவறையே செய்வதாகும். ஜேர்மனிய வழியே பொருத்தமானது. நீலமும் வெள்ளையுமான தூர ஒளிக் கம்பி, நீலமும் சிவப்புமான தாழ் ஒளிக் கம்பி ஆகிய ஒவ்வொன்றையும் இடம், வலம் என்று பிரித்து நான்கு உருகிகள் வைக்க வேண்டும். 60 வாற் இழையொன்று எடுப்பது 5 அம்பியர் என்பதால் 8 அல்லது 10 அம்பியர் உருகி போதுமானது.

எனினும் உருகி தனக்குப் பின்னால் உள்ள கம்பியை மட்டுமே காக்கும் என்பதை மறக்கலாகாது. விளக்கின் அருகில் வைத்த உருகியால் பற்றரியில் இருந்து சுவிச் வரையிலான நீண்ட பாதைக்கு எந்தப் பயனும் இல்லை. ஆகவே அனுபவமுள்ள மின்வேலைக்காரர்கள் பற்றரியின் அருகில் றிலேக்களை வைத்து, விளக்குகளுக்கான மின்னோட்டத்தைக் குறுகிய, தடித்த, உருகியிட்ட புதிய கம்பியில் கொண்டுசெல்வர். பழைய சுவிச்சுகள் றிலேயை இயக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டுமே சுமக்கும். விளக்கும் முன்னையிலும் பிரகாசமாக எரியும். இங்கும் இரண்டு விளக்குகளையும் ஒருங்கே அணைக்கக்கூடிய ஒரு புள்ளி எங்கோ எஞ்சவே செய்யும். அதனை முற்றாக ஒழித்த அமைப்பு எதுவுமில்லை. அதன் வாய்ப்பைக் குறைப்பதே எம்மால் இயன்றது.

உருகியின் எண்ணிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. லூக்காஸ் கண்ணாடி உருகியினுள் உள்ள சிறு தாளில் 35 என்று அச்சிட்டிருக்கும். அது உருகி அறும் அளவு. தொடர்ச்சியாகத் தாங்கும் அளவு அதில் பாதியளவே, ஏறத்தாழ 17 அம்பியர். இன்றைய தகட்டு உருகியில் எழுதியிருக்கும் எண்ணோ அதன் தாங்கும் அளவைக் குறிப்பது. பழைய பெட்டியில் 35 என்று பார்த்துப் புதிய 35-ஐச் செருகுபவர், பாதுகாப்பைப் பாதியாக்கிவிட்டோம் என்று அறியாமலே பொனற்றை மூடுகிறார்.

பழைய காரில் ஒன்றையும் மாற்றக் கூடாது, தொழிற்சாலையில் இருந்து வந்தவாறே காக்க வேண்டும் என்று வாதிடுவோர் உள்ளனர். அவர்களது பற்று மதிக்கத்தக்கது. ஆனால் தொழிற்சாலையில் இருந்து வந்த காப்புறை இன்று அந்தக் காரில் இல்லை. முன்விளக்குக்கு உருகி வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் அந்தக் காப்புறையை நம்பியே அவ்வாறு முடிவு செய்தனர். நம்பிய பொருள் உதிர்ந்துபோன பின்னர் முடிவை மட்டும் பேணுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

மின்னொழுக்கே காரணம் என்ற அந்தப் பழைய வாக்கியம் இனியும் பத்திரிகைகளில் வரும். உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ தந்தையார் விட்டுச்சென்ற வளவிலோ அத்தகைய கார் ஒன்று நின்றால், வார இறுதியில் ஒரு மணிநேரம் ஒதுக்கி, பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அந்த மண்ணிறக் கம்பியை அதன் தொடக்கத்தில் இருந்து விளக்கு வரை கையால் தடவிப் பாருங்கள். எங்கே உறை வெடித்திருக்கிறது என்பதை விரல்களே சொல்லிவிடும்.